செலவில் விளம்பரம், வரவில் சரக்கா? இசை நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்ப் பாடல்களை வெளியிடும் இசை நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

சென்னையில் பாடல் காணொளிகளுக்கு எடிட்டிங் செய்து பிழைப்பவன் நான். சினிமாப் பாட்டுகளும் செய்திருக்கிறேன். ஆனால் சினிமாவுக்கு வெளியே வரும் தனிப்பாடல்கள்தான் அதிகம். உங்களில் சிலருடைய யூடியூப் சேனல்களில் என் கை பட்ட வேலை இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் கேட்க வந்தது ஒன்றுதான். பாடல் காணொளி உங்கள் கணக்கில் விளம்பரமா, விற்பனைச் சரக்கா? செலவு எழுதும்போது விளம்பரம் என்கிறீர்கள். வருமானம் வரும்போது அதுவே உங்கள் சரக்காகிவிடுகிறது. இரண்டு கணக்கும் உங்களுக்கே சாதகம். பாடியவருக்கும் ஆடியவருக்கும் படம் பிடித்தவருக்கும் இரண்டு பக்கமும் நட்டம்.

சில மாதங்களுக்கு முன் ஓர் இளம் பாடகி தன் முதல் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து படித்துப் பார்க்கச் சொன்னார். காணொளி எடுக்கும் செலவு முழுவதும் 'பிரமோஷன்' கணக்கில் சேரும், அதை அவருக்கு வர வேண்டிய ராயல்டியிலிருந்து, அதாவது பாட்டு வருமானத்தில் அவருடைய பங்கிலிருந்து, நிறுவனம் பிடித்துக்கொள்ளும் என்று ஓரிடத்தில் இருந்தது. சில பக்கங்கள் தள்ளி, அந்தக் காணொளியின் உரிமை உலகம் முழுவதும், இன்றுள்ள ஊடகங்களிலும் இனி வரப்போகும் ஊடகங்களிலும், நிரந்தரமாக நிறுவனத்துக்கே சேரும் என்று இருந்தது. கடன் தவணையை நீ கட்டு, வீட்டுப் பத்திரம் என் பேரில் இருக்கட்டும் என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அது எந்த நிறுவனம் என்று நான் சொல்லப்போவதில்லை. ஏறக்குறைய இதே வாசகத்தை வேறு ஒப்பந்தங்களிலும் பார்த்துவிட்டேன்.

கேட்டால், "உலகம் முழுக்க இதுதான் வழக்கம், ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான்" என்று பதில் வருகிறது. ஆரம்பத்தில் இப்படி இல்லை. இந்த வழக்கம் எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால்தான் அதை மாற்ற முடியும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இசைத்தட்டு பரவலாகாத காலத்தில் பாட்டு அச்சுத் தாளில்தான் விற்றது. 1894இல் நியூயார்க்கில் எட்வர்ட் மார்க்ஸ், ஜோ ஸ்டெர்ன் என்ற இரண்டு பதிப்பாளர்கள், காணாமல் போன ஒரு குழந்தையைப் பற்றிய தங்கள் பாட்டை விற்பதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மேடையில் பாடகர் பாடுவார். பின்னால் திரையில் அந்தக் கதையின் காட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிப்பட வில்லைகளில் தெரியும். ஜார்ஜ் தாமஸ் என்ற எலக்ட்ரீஷியன்தான் அதை ஓட்டியவர். பார்த்தவர்கள் வெளியே போய்ப் பாட்டின் அச்சுத் தாளை வாங்கினார்கள். படம் விளம்பரம், தாள் சரக்கு. தாளை விற்றவர்களே படத்துக்குச் செலவு செய்தார்கள். கணக்கில் குழப்பமே இல்லை.

1940இலிருந்து 1947 வரை அமெரிக்காவில் 'சவுண்டீஸ்' என்ற மூன்று நிமிடப் படங்கள் வந்தன. மதுக்கடைகளிலும் ஓட்டல்களிலும் 'பனோராம்' என்ற பெரிய பெட்டி நிற்கும். சிகாகோவின் மில்ஸ் நாவல்டி கம்பெனி செய்த இயந்திரம் அது. பத்து சென்ட் நாணயம் போட்டால் டியூக் எலிங்டனோ ஃபேட்ஸ் வாலரோ வாசிப்பதைப் பார்க்கலாம். உள்ளே பதினாறு மில்லிமீட்டர் ஃபிலிம் வளையமாக ஓடும். நமக்குப் பிடித்ததைத் தேர்வு செய்ய முடியாது. அடுத்து எது வருகிறதோ அதுதான். இங்கே படத்துக்கே காசு, அதனால் படமே சரக்கு. 1960இல் பிரான்ஸில் வந்த 'ஸ்கோபிடோன்' பெட்டியும் வண்ணத்தில் இதையே செய்தது. அதில் 36 படங்களிலிருந்து தேர்வும் செய்துகொள்ளலாம்.

ஆக, இசைக்குப் படம் சேர்த்த முதல் அறுபது எழுபது ஆண்டுகளில் இரண்டு முறைகள்தான் இருந்தன. ஒன்று விளம்பரம், அதன் செலவு விற்பவருக்கு. மற்றது சரக்கு, அதற்குப் பார்ப்பவர் காசு கொடுத்தார். இந்த இரண்டையும் ஒரே படத்தில் பிசைந்தது தொலைக்காட்சி.

பீட்டில்ஸ் குழுவினருக்கு எல்லா நாட்டுத் தொலைக்காட்சி நிலையங்களுக்கும் நேரில் போய்ப் பாட நேரமில்லை. 1965இன் கடைசியில் டுவிக்கன்ஹாம் ஸ்டூடியோவில் சில பாடல்களுக்குப் படம் எடுத்து, தங்களுக்குப் பதிலாக அந்தச் சுருள்களை அனுப்பினார்கள். 1966 மே மாதம் மைக்கேல் லிண்ட்ஸே-ஹாக் இயக்கத்தில் லண்டனின் சிஸ்விக் ஹவுஸ் தோட்டத்தில் எடுத்தவை இன்னும் அழகு. சிலைகள், செடி கொடிகள், பசுமைக்கூடம், நடுவே நான்கு இளைஞர்கள். அந்த நாட்களில் எடுத்த படங்கள் ஜூன் மாதம் அமெரிக்காவில் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் ஒளிபரப்பாயின. ஆள் போக முடியாத இடத்துக்கு அவர் சார்பில் படம் போனது. விளம்பரம் என்ற சொல்லுக்கு முழுப் பொருத்தம்.

1975 நவம்பரில் குயீன் குழு செய்ததும் அதே காரணத்துக்காகத்தான். 'போஹிமியன் ராப்சடி' ஆறு நிமிடப் பாட்டு. நடுவே ஓபரா போல அடுக்கடுக்காய்க் குரல்கள். பிபிசியின் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' மேடையில் நின்று வெறுமனே வாயசைத்தால் அந்தப் பகுதி எடுபடாது. குழுவும் இசைப் பயணத்தில் இருந்தது. எனவே எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில் புரூஸ் கவர்ஸ் இயக்கத்தில் ஒரே நாளில் வீடியோவில் எடுத்து முடித்தார்கள். சில ஆயிரம் பவுண்டுகள்தான் செலவு. இருட்டுக்குள் நான்கு முகங்கள் மேல்நோக்கி இருக்கும் அந்த ஷாட்டை இன்றும் எடிட்டிங் படிப்பவர்களிடம் காட்டுவார்கள். பாட்டு பிரிட்டனில் ஒன்பது வாரம் முதலிடத்தில் நின்றது. அதற்குக் காரணம் படம் மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன், பாட்டே அசாத்தியமானது. ஆனால் புதுப் பாட்டு என்றால் கூடவே ஒரு படமும் வேண்டும் என்று நிறுவனங்கள் நினைக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

1981 ஆகஸ்ட் 1, நள்ளிரவு தாண்டி ஒரு நிமிடம். எம்டிவி தொடங்கியது. நாள் முழுக்கப் பாடல் காணொளி மட்டுமே ஓடும் சேனல். அவர்கள் கையில் ஆரம்பத்தில் இருந்தவை சில நூறு காணொளிகள்தான். அவற்றை இசை நிறுவனங்கள் இலவசமாகக் கொடுத்தன. வானொலிக்கு இசைத்தட்டைச் சும்மா கொடுப்பது போலத்தான், பாட்டைக் கேட்டால் தட்டு விற்கும் என்ற கணக்கு. எல்லோரும் அதை ஏற்கவில்லை. நாங்கள் செலவு செய்து எடுத்ததை வைத்து நீங்கள் விளம்பர நேரம் விற்பீர்கள், எங்களுக்கு ஒன்றும் இல்லையா என்று பாலிகிராமும் எம்சிஏவும் முதலில் கொடுக்க மறுத்தன. அன்று அந்த நிறுவனங்கள் கேட்டதைத்தான் இன்று கலைஞர்கள் உங்களிடம் கேட்கிறார்கள் என்பதைத் தயவுசெய்து கவனியுங்கள்.

விளம்பரம் பலித்தது. எம்டிவி தெரிந்த சிற்றூர்களின் இசைத்தட்டுக் கடைகளில், உள்ளூர் வானொலி போடவே போடாத ஹ்யூமன் லீக், மென் அட் வொர்க் போன்ற குழுக்களின் தட்டுகள் விற்கத் தொடங்கின. இதில் நமக்கு அடுத்த வீட்டுச் சங்கதியும் ஒன்று உண்டு. பிரிட்டனின் டுரான் டுரான் குழு 1982இல் இயக்குநர் ரஸ்ஸல் மல்கேஹியுடன் இலங்கைக்குப் போய்ச் சில பாடல்களைப் படமாக்கியது. ஒன்றில் கொழும்பின் தெருக்கள், சந்தைகள், பகோடா தேநீர்க் கடை, பிறகு காடு. இன்னொன்றில் சிகிரியாக் குன்றின் உச்சி. முதல் பாட்டு, 'ஹங்க்ரி லைக் தி வுல்ஃப்', அமெரிக்காவில் முதலில் வந்தபோது யாரும் சீண்டவில்லை. எம்டிவி அந்தக் காணொளியைத் திரும்பத் திரும்பப் போட்ட பிறகு தட்டை மறுபடி வெளியிட்டார்கள். 1983இல் அமெரிக்கப் பட்டியலில் மூன்றாம் இடம் வரை போனது. பாட்டு அதே பாட்டுதான்.

அந்த வாசலில் எல்லோரையும் விடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கறுப்பினக் கலைஞர்களின் காணொளிகளை எம்டிவி மிகக் குறைவாகவே போட்டது. பாடகர் ரிக் ஜேம்ஸ் அதைப் பொதுவெளியில் கண்டித்தார். 1983இல் தன்னைப் பேட்டி எடுக்க வந்த எம்டிவி தொகுப்பாளரிடமே பிரிட்டிஷ் பாடகர் டேவிட் போவி, ஏன் இவ்வளவு குறைவு என்று திருப்பிக் கேட்டார். அதே ஆண்டு மார்ச்சில் மைக்கேல் ஜாக்சனின் 'பில்லி ஜீன்' ஓடத் தொடங்கிய பிறகே அந்த வாசல் அகலத் திறந்தது. காணொளி வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்கிறேன். அது யார் வீட்டில் அடுப்பெரியும் என்பதைத் தீர்மானித்த கருவி.

இனி வருவதுதான் என் வழக்கின் முக்கியமான சாட்சி. 'திரில்லர்' ஆல்பம் வெளியாகி ஓராண்டு ஆகியிருந்தது. பல கோடிக்கு விற்றாகிவிட்டது. அதே பெயர் கொண்ட பாட்டுக்குப் பதினான்கு நிமிடக் குறும்படமே எடுக்க ஜாக்சனும் இயக்குநர் ஜான் லாண்டிஸும் ஆசைப்பட்டபோது, ஏற்கெனவே விற்றுத் தீர்ந்த தட்டுக்கு இனி எதற்கு விளம்பரம் என்று நிறுவனம் முழுச் செலவையும் ஏற்கத் தயங்கியது. விளம்பரக் கணக்கில் பார்த்தால் அந்தத் தயக்கம் சரிதான். அப்போது அவர்கள் ஒரு வழி கண்டார்கள். படம் உருவாகும் விதத்தைத் தனி ஆவணப்படமாக எடுத்து, அதன் ஒளிபரப்பு உரிமையை ஷோடைம் சேனலுக்கும் எம்டிவிக்கும் விற்றார்கள். காணொளிக்குப் பணம் கொடுப்பதில்லை என்பது எம்டிவியின் கொள்கை. அதனால் ஆவணப்படத்துக்கு என்று சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் படம் எடுக்கப்பட்டது. 1983 டிசம்பர் 2 அன்று எம்டிவியில் முதல் ஒளிபரப்பு. பின்னர் காணொளியும் ஆவணப்படமும் சேர்ந்த வீடியோ கேசட் கடைக்கு வந்து அந்தக் காலத்தில் யாரும் எதிர்பாராத அளவுக்கு விற்றது. விளம்பரத்தையே மக்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். ஆல்பத்தின் விற்பனையும் மறுபடி எகிறியது. 2009இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்ட முதல் பாடல் காணொளி அதுதான்.

அதே 2009இல்தான் ஜான் லாண்டிஸும், அதில் நாயகியாக நடித்த ஓலா ரேயும், தங்களுக்குச் சேர வேண்டிய பங்கு வரவில்லை என்று தனித்தனியாக வழக்குத் தொடுத்தார்கள். படம் வந்து கால் நூற்றாண்டு கழித்து! உலகத்திலேயே புகழ்பெற்ற பாடல் காணொளியை எடுத்தவர்களுக்கே பங்குக் கணக்கு தீரவில்லை என்றால், வடபழனியில் ஒரே நாள் கால்ஷீட்டில் ஆடிவிட்டுப் போகும் பெண்ணின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

திரில்லருக்குப் பிறகு நிறுவனங்களும் விழித்துக்கொண்டன. 1984இல் எம்டிவி சில பெரிய நிறுவனங்களுக்குப் பணம் கொடுத்து, குறிப்பிட்ட காணொளிகளைத் தான் மட்டும் முதலில் காட்டும் உரிமையை வாங்கியது. அதே ஆண்டு பிரிட்டனில் காணொளி ஒளிபரப்புக்கு உரிமக் கட்டணம் வசூலிக்க விபிஎல் என்ற அமைப்பை இசை நிறுவனங்கள் தொடங்கின. அதாவது, காணொளி இலவச விளம்பரம் அல்ல, கட்டணம் வாங்க வேண்டிய சரக்கு என்று சொன்னது நீங்கள்தான், உங்கள் துறைதான். அதில் தவறில்லை. ஆனால் கலைஞரோடு போட்ட ஒப்பந்தத்தில் மட்டும் அது விளம்பரமாகவே நின்றது. அமெரிக்காவில் வழக்கமாகக் காணொளிச் செலவில் பாதியைப் பாடகரின் தட்டு ராயல்டியிலும், மீதியைக் காணொளி வருமானத்திலும் பிடித்துக்கொள்வார்கள். நம் ஊர்ப் பாடகியின் ஒப்பந்தத்தில் முழுச் செலவும் அவர் தலையில் விழுந்திருந்ததை மேலே சொன்னேன். உலக வழக்கம் என்று சொல்பவர்கள் உலக வழக்கத்தையாவது முழுதாகப் படியுங்கள்.

அந்தப் பாதியே என்ன செய்யும் என்பதற்கு டிஎல்சி என்ற மூன்று பெண்கள் குழு இருக்கிறது. அவர்களுடைய 1994ஆம் ஆண்டு ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் விற்றது. 'வாட்டர்ஃபால்ஸ்' பாட்டின் காணொளிக்கு 1995இல் எம்டிவியின் ஆண்டின் சிறந்த காணொளி விருது கிடைத்தது. அதே 1995 ஜூலையில் அவர்கள் திவால் மனு போட்டார்கள். காணொளிச் செலவு மட்டும் காரணம் அல்ல. குறைந்த ராயல்டி விகிதம், நிர்வாகக் கட்டணங்கள், சொந்தக் கடன்கள் எல்லாம் சேர்ந்தன. ஆனால் 1996 கிராமி இசை விருது மேடைக்குப் பின்னால் கையில் விருதோடு நின்றபடி, இத்தனை விற்றும் எங்களிடம் பணம் இல்லை என்று அவர்கள் செய்தியாளர்களிடம் சொன்னது பதிவாகியிருக்கிறது. விற்ற ஒவ்வொரு தட்டிலிருந்தும் முதலில் செலவுகள் கழியும், மிச்சம் இருந்தால்தான் கைக்கு வரும். பெரிய காணொளி எடுப்பது பாடகருக்குப் பெருமை என்று நினைக்கிறோம். அந்த பிரம்மாண்டத்துக்குத் தவணை கட்டுவதும் அவரேதான்.

யூடியூப் 2005இல் வந்தது. அடுத்த ஆண்டு நடந்த ஒன்றை எடிட்டர்கள் நாங்கள் அடிக்கடி பேசிக்கொள்வோம். ஓகே கோ என்ற அமெரிக்கக் குழு, பாடகரின் சகோதரி ட்ரிஷ் ஸீ வீட்டில் எட்டு டிரெட்மில்களை அடுக்கி, அவற்றின் மேல் ஆடி, ஒரே ஷாட்டில் ஒரு காணொளி எடுத்தது. வெட்டே கிடையாது. நிறுவனம் திட்டமிட்ட விளம்பரம் அல்ல அது. குழுவினரே தங்கள் கைக்காசில் செய்தது. மக்கள் அதை எடுத்துத் தங்கள் வலைப்பக்கங்களில் ஒட்டி ஒட்டிப் பரப்பினார்கள். கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். கிராமி விருதும் வந்தது.

பிறகு என்ன நடந்தது? அவர்களுடைய நிறுவனமான இஎம்ஐ, மற்ற தளங்களில் அந்தக் காணொளியை ஒட்டும் வசதியை நிறுத்திவிட்டது. யூடியூப் பக்கத்துக்கே வந்து பார்த்தால்தான் நிறுவனத்துக்குக் காசு என்பதால். 2010 பிப்ரவரியில் குழுவின் பாடகர் டாமியன் குலாஷ் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். ஒட்டும் வசதியை நிறுத்தியதும் ஒரு நாளைக்குப் பத்தாயிரம் பேர் பார்த்தது ஆயிரம் பேராகக் குறைந்ததாம். ஆறு மாதப் பார்வைகளுக்கு நிறுவனம் அனுப்பிய ராயல்டிக் கணக்கில் குழுவின் பங்காக இருந்தது 27 டாலர் 77 சென்ட். அந்தத் தொகைக்காக விளம்பரத்தின் கழுத்தை நெரித்தார்கள். அடுத்த மாதமே குழு தங்கள் புதுக் காணொளியை ஸ்டேட் ஃபார்ம் என்ற காப்பீட்டு நிறுவனத்தின் பணத்தில் எடுத்து, எங்கும் ஒட்டிக்கொள்ளும்படி வெளியிட்டது. அதே மார்ச்சில் இஎம்ஐயை விட்டு வெளியேறியது. காப்பீட்டு நிறுவனம் கொடுத்த பணத்தை அது தன் விளம்பரத்துக்கான செலவாக வைத்துக்கொண்டது. இசைக் குழுவின் கணக்கில் கடனாக எழுதவில்லை. அந்த நேர்மையைத்தான் நான் உங்களிடமும் எதிர்பார்க்கிறேன்.

2009 டிசம்பரில் யுனிவர்சலும் சோனியும் சேர்ந்து வீவோவைத் தொடங்கியபோது மிச்சமிருந்த சந்தேகமும் தீர்ந்தது. காணொளிக்கு முன்னால் ஓடும் விளம்பரத்துக்குக் காசு வாங்கும் தளம் அது. 2013 பிப்ரவரியிலிருந்து அமெரிக்காவின் பில்போர்டு பட்டியல் யூடியூப் பார்வைகளையும் பாட்டின் தரவரிசைக்கு எண்ணத் தொடங்கியது. பாட்டை விற்க எடுத்த காணொளியைப் பார்ப்பதே பாட்டை நுகர்வதாக ஆகிவிட்டது. ஒரு விளம்பரத்துக்கு முன்னால் இன்னொரு விளம்பரம் ஓடுகிறது என்றால், பின்னால் வருவது விளம்பரம் அல்ல. அது நிகழ்ச்சி. சம்பாதிக்கும் சரக்கு.

நம் பக்கம் வருவோம். தமிழில் பாட்டுக்குப் படம் என்பது சினிமாவோடு பிறந்தது. வெள்ளிக்கிழமை மாலை தூர்தர்ஷனில் 'ஒளியும் ஒலியும்' பார்க்கத் தெருவே ஒரு வீட்டில் கூடிய காலத்தில், அந்தக் காட்சிகள் தியேட்டருக்கு ஆள் சேர்த்தன. 2011 நவம்பர் 16 அன்று 'ஒய் திஸ் கொலவெறி டி' வந்தபோது அது தலைகீழானது. படப்பிடிப்புக் காட்சி ஒன்றுகூட இல்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் நின்று பாடுகிறார்கள், சிரிக்கிறார்கள், அவ்வளவுதான். உலகம் முழுக்க ஓடியது. படம் 2012 மார்ச்சில் வந்தது. பாட்டு தொட்ட உயரத்தைப் படம் தொடவில்லை. அப்படியானால் எது எதற்கு விளம்பரம்? 'ரவுடி பேபி' 2020இல் நூறு கோடிப் பார்வைகளைத் தாண்டியபோது, அந்தப் படம் தியேட்டரை விட்டுப் போய் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. விளம்பரம் செய்ய அப்போது படமே திரையில் இல்லை.

சட்டம் பாதி தூரம் வந்திருக்கிறது. 2012ஆம் ஆண்டு காப்புரிமைத் திருத்தத்தால் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டிப் பங்கை எழுதிக் கொடுத்துவிட முடியாது. எழுதி வாங்கினாலும் செல்லாது. பாடகர்களுக்கும் நிகழ்த்துகலைஞர் என்ற முறையில் பங்கு உண்டு. ஆனால் காணொளி என்பது சட்டத்தின் பார்வையில் ஒரு திரைப்படம். அதன் ஆசிரியர் தயாரிப்பாளரே. இயக்குநர், ஒளிப்பதிவாளர், எடிட்டர் யாருக்கும் அதில் பங்கு கேட்க வழியில்லை. நடன அமைப்பைச் சட்டம் ஒரு படைப்பாக ஏற்கிறது. நடைமுறையில் அந்த உரிமையையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுகிறார்கள். சட்டம் இருப்பதால் மட்டும் பணம் வந்துவிடுவதும் இல்லை. 2021இல் உலகத் தமிழர் அத்தனை பேரும் பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி'யிலிருந்து தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று 2024இல் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். அந்த விவகாரத்தில் யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் அவ்வளவு பேர் பார்த்த ஒரு பாட்டின் கணக்கைப் பாட்டைச் செய்தவர்களே பொதுவெளியில் கேட்க வேண்டி வந்தது இந்தத் துறைக்குப் பெருமை அல்ல.

என் மேஜையில் நடப்பதையும் சொல்கிறேன். ஒரு பாட்டுக்கு என்று பேசி வேலைக்குக் கூப்பிடுவீர்கள். முழுக் காணொளி முடிந்ததும் டீசர் கேட்பீர்கள், பிறகு போனில் நெட்டுக்குத்தாகப் பார்க்க ரீல்ஸ் துண்டுகள், பிறகு லிரிக் வீடியோ, மேக்கிங் வீடியோ. படுக்கை வாக்கில் எடுத்த குழு நடனத்தை நெட்டுக்குத்தாக மாற்றும்போது ஓரத்தில் ஆடும் நான்கு பேர் வெளியே போய்விடுவார்கள். ஒவ்வொரு ஷாட்டிலும் சட்டகத்தைக் கையால் நகர்த்தி யாரை வைப்பது, யாரை விடுவது என்று முடிவு செய்ய வேண்டும். அண்மையில் ஒரு பாட்டின் தொடக்கத்தில் புல்லாங்குழல் மட்டும் வரும் ஓர் அழகான பகுதி இருந்தது. அதற்காகவே ஒளிப்பதிவாளர் விடியற்காலையில் ஏரிக்கரையில் காத்திருந்து, பனி விலகுவதை எடுத்திருந்தார். முதல் ஐந்து நொடிக்குள் பாடகியின் முகமும் பல்லவியும் வராவிட்டால் ஜனம் தள்ளிவிட்டுப் போய்விடும் என்று அதை வெட்டச் சொன்னார்கள். வெட்டினேன். விளம்பரம் என்றால் அப்படித்தான் வெட்ட வேண்டும், அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அதே காணொளி இன்று மாதாமாதம் உங்களுக்குச் சம்பாதித்துக் கொடுக்கிறது. புல்லாங்குழல் வாசித்தவரின் பெயர் அதன் விவரப் பகுதியில் இல்லை. ஒளிப்பதிவாளரின் பெயரும் இல்லை.

பெயர் போடுவதற்குக் காசு செலவில்லை. எம்டிவியே 1992இல்தான் பாட்டின் பெயரோடு காணொளி இயக்குநரின் பெயரையும் திரையில் போடத் தொடங்கியது. அப்படிப் பெயர் தெரிந்த இயக்குநர்களில் சிலரைத்தான் பிறகு ஹாலிவுட் தேடிப் போனது. நம் சேனல்களில் இயக்குநர் பெயராவது வந்துவிடுகிறது. கீழே இருப்பவர்களின் பெயர் ஒரு பதிவில் இருக்கும். அதே காணொளியை 'டாப் 10' என்று கோத்து மறுபடி ஏற்றும்போது காணாமல் போகும். அடுத்த வேலை கேட்டுப் போகும் இடத்தில் இதை நான் செய்தேன் என்று நிரூபிக்க, அதில் ஆடிய பெண்ணிடம் ஒன்றும் இருக்காது.

உங்கள் தரப்பும் எனக்குத் தெரியும். பத்துப் பாட்டு வெளியிட்டால் ஒன்றிரண்டுதான் ஓடும், மற்றவற்றில் போட்ட பணம் திரும்பாது, யாராவது அந்த ஆபத்தை ஏற்க வேண்டும் என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆபத்தை ஏற்பவருக்கு லாபத்தில் முதல் பங்கு என்பதும் நியாயம். ஆனால் செலவைப் பாடகரின் ராயல்டியில் பிடித்தால் ஆபத்தை ஏற்றவர் பாடகர் ஆகிறார். ஓடாத பாட்டின் கடனை அவர் அடுத்த பாட்டுக்கும் சுமந்துகொண்டு போகிறார். அப்படியானால் லாபத்தில் முதல் பங்கும் அவருக்குத்தானே?

ஆகவே கேட்கிறேன், முடிவு செய்யுங்கள். காணொளி விளம்பரம் என்றால் அது உங்கள் செலவு. போஸ்டர் அடித்த காசையும் ஹோர்டிங் வாடகையையும் போல உங்கள் ஏட்டிலேயே இருக்கட்டும். பாடகரின் பாட்டு வருமானத்தைத் தொடாதீர்கள். காணொளி சரக்கு என்றால் அதற்குத் தனிக் கணக்கு வையுங்கள். அதன் செலவை அதன் வருமானத்திலிருந்து மட்டும் எடுங்கள். எடுத்து முடிந்த பிறகு பாடகருக்கும் இயக்குநருக்கும் நடன இயக்குநருக்கும் ஒரு விகிதம் கொடுங்கள், அது சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. எவ்வளவு செலவானது, எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை எழுத்தில் அனுப்புங்கள். யூடியூப் உங்களுக்கு அந்த எண்களைக் கொடுக்கத்தான் செய்கிறது. டீசரும் ரீல்ஸும் தனி வேலை என்று ஒப்பந்தத்திலேயே எழுதி, அதற்குத் தனியாகப் பேசுங்கள். மறுபடி ஏற்றும் எந்தப் பதிவிலும் வேலை செய்தவர்களின் பெயர்ப் பட்டியல் கூடவே போகட்டும்.

இந்தக் கோரிக்கைகளைப் பேசி முடிக்க எடிட்டர்கள், ஒளிப்பதிவாளர்கள், நடனக் கலைஞர்கள், சில பாடகர்கள் என நாங்கள் உட்காரத் தயார். வடபழனியிலோ உங்கள் அலுவலகத்திலோ, எங்கே கூப்பிட்டாலும் வருவோம். அதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு மட்டும் எழுத்தில் பதில் வேண்டும்: இப்போது உங்களிடம் ஓடிக்கொண்டிருக்கும் தனிப்பாடல் ஒப்பந்தங்களில் எத்தனை பாடகர்களின் ராயல்டியில் காணொளிச் செலவைப் பிடித்துவருகிறீர்கள்? அவர்களில் எத்தனை பேருடைய காணொளிகள் அந்தச் செலவை ஏற்கெனவே சம்பாதித்துக் கொடுத்துவிட்டன?

இப்படிக்கு,
பாடல் காணொளிப் படத்தொகுப்பாளர் ஒருவர்,
சென்னை